ஊதாத விசில்

எஞ்சினை ஏன் பின்னால் மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். உங்கள் பக்கத்தில் இருந்தவர், திரும்பி வரும்போது மாற்றி மாட்டச் சோம்பல் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நானாக யாரிடமும் பேச்சுக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை சார். பாப்பாத்தி, என் மனைவி, அதைச் சொல்லியே முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தினாள். ஆனால் ஒரு கேள்வி தப்பான பதிலோடு நின்றுபோனால் என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.

எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னால் நின்று தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். பெட்டி ஏதாவது கழன்றாலும் அது எஞ்சின்மேல்தான் வந்து சாயும், பள்ளத்தில் ஓடாது. அவ்வளவுதான் விஷயம். சோம்பல் இல்லை.

அடுத்த ஸ்டேஷனில் குனிந்து பாருங்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ரம்பம் மாதிரிப் பல் வைத்த இரும்புச் சட்டம் இரண்டு வரிசை ஓடுகிறது. எஞ்சினுக்கு அடியில் ஒரு பல்சக்கரம். சக்கரத்தின் பல் சட்டத்தின் பல்லைப் பிடித்துப் பிடித்து வண்டியை மேலே ஏற்றும். பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயர்கிற இடத்தில் வெறும் சக்கரம் வழுக்கிவிடும். பல் இருந்தால்தான் ஏறலாம். பல் இருந்தால்தான் இறங்கவும் இறங்கலாம்.

அதோ, பெட்டிக்கு வெளியே திறந்த மேடையில் காக்கிச் சட்டையோடு ஒருவர் நிற்கிறார். பிரேக்ஸ்மேன். பெட்டிக்கு ஒருவர். டிரைவர் ஒரு விசில் ஊதினால் கைச்சக்கரத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். இரண்டு ஊதினால் விட வேண்டும். விசில் இல்லாமல் கை வைக்கக் கூடாது. நான் பதினேழு வருஷம் ஏழு மாதம் அந்த மேடையில் நின்றேன். என் பெயர் திம்மராயன்.

இன்றைக்கு நான் மேலே போவது அந்தப் பெயரை அழிக்கத்தான். உண்மை சார். காரமந்து ஸ்டேஷனில் ஓர் அறையைப் பூட்டி, பழைய சாமான்களைக் கண்ணாடிக்குள் வைத்து, வெளியூர்க்காரர்களுக்குக் காட்டுகிறார்கள். அதில் ஒரு பல்சக்கரம் இருக்கிறது. அதன் கீழே ஒரு பலகை. 'இச்சக்கரத்தின் விரிசலைத் தமது கூர்மையான செவியால் கண்டறிந்து வண்டியை நிறுத்தியவர் பிரேக்ஸ்மேன் திம்மராயன்.' இரண்டு தப்பு இருக்கிறது அந்த ஒரு வரியில். மூன்று மனு போட்டேன். இது நான்காவது. இந்தத் தடவை எடுக்காமல் இறங்கப் போவதில்லை.

தப்பு என்ன என்று சொல்லிவிடுகிறேன். சரியாகச் சொல்ல வேண்டும் என்றால் ஐப்பசியிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பதினோராம் தேதி பிடித்தது. பத்தொன்பதாம் தேதி மலையிறங்கும் வண்டியில் எஞ்சினை ஒட்டிய முதல் பெட்டி என்னுடையது. டிரைவர் சவரியப்பன். அவனும் நானும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். என் மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டது அவன்தான். அவன் மகளுக்குப் பெயர் சொன்னது பாப்பாத்தி. அந்த மாதிரி.

ஒன்பதாம் பாலத்துக்கும் ஏழாம் பாலத்துக்கும் நடுவில்தான் இந்த மலையிலேயே செங்குத்தான இறக்கம். வண்டி ஓடும்போது பற்கள் தனித்தனியாகக் கேட்காது. மாவு மில் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரே உறுமல். அந்த உறுமலுக்குள் ஒரு விக்கல் கேட்டது. காதில் பாதி, காலில் பாதி. நான் மேடையில் செருப்புப் போடுவதில்லை. ஒன்று. அப்புறம் இன்னொன்று. எண்ணினேன். ஏழு விக்கல், ஒரே சீரான இடைவெளியில்.

பல்சட்டம் ஒவ்வொன்றும் பத்தடி மூன்றங்குல நீளம். ஒன்றோடு ஒன்றை மூட்டி முடுக்கியிருப்பார்கள். ஏழு விக்கல் என்றால் ஏழு மூட்டு வரிசையாக விட்டிருக்கிறது. ஏழு மூட்டு விட்டிருக்கிறது என்றால் கீழே மண் நகர்கிறது. மூன்று நாள் முன்னால்தான் பக்கத்துச் சரிவில் ஒரு தேயிலைக் காடு அப்படியே நகர்ந்து ஓடைக்குள் உட்கார்ந்தது. வண்டியில் நூற்று முப்பத்தெட்டுப் பேர். நான் விசிலுக்குக் காத்திருக்கவில்லை. நான்கு சுற்று சுற்றி இறுக்கினேன்.

இப்போது ஒரு வேடிக்கை கேளுங்கள். என் பெட்டி இறுகியதும் மேலே இருந்த பெட்டிகள் வந்து முட்டின. அந்த நான்கு பெட்டிக்காரர்களும், ஐயோ விசிலைக் கோட்டை விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று பயந்து, அவரவர் பிரேக்கை அவரவர் பிடித்துவிட்டார்கள். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. ஊதாத விசிலுக்கு ஐந்து பிரேக்.

கார்டு குடையோடு ஓடி வந்தார். "யார்ரா புடிச்சது?" நான் கை தூக்கினேன். லைன் ஆட்கள் வந்து, முன்னும் பின்னும் நடந்து, ஒவ்வொரு மூட்டையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். நாற்பத்தேழு நிமிடம். ஒரு மூட்டுகூட விடவில்லை. ஒரு பல்கூட உடையவில்லை. பெட்டியிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, அந்த மீசைக்காரரை இறக்கிவிட்டுட்டுப் போலாமுங்க" என்றார். கீழே அடுத்த வண்டியைத் தவறவிட்டவர்கள் முப்பத்தொரு பேர். அதையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சவரி என் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"டேய் திம்மா, விசாரணை வெப்பாங்க. நான் ஊதினேன்னு சொல்லிடறேன். முடிஞ்சுது."

"ஊதினியா?"

"ஊதல."

"அப்புறம்?"

"உனக்காகச் சொல்றேன்டா."

"அப்ப எனக்குக் கேட்டது பொய்ங்கறே."

"பொய்யின்னு எப்படா சொன்னேன்? எஞ்சின்ல நிக்கறவனுக்கு எங்கப்பன் கூப்பிட்டாக்கூடக் கேக்காது. எனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுன்னா தெரியாதுன்னே போய்ச் சொல்லு. ஊதலைன்னும் சொல்லு."

"சொன்னா உன்னை இறக்கிடுவாங்கடா."

"இறக்கட்டும்."

போய்விட்டான். பாப்பாத்தி வைத்த காபி அப்படியே இருந்தது. பொய் சொல்லி என்னைக் காப்பாற்ற வந்தான் பாருங்கள். என் வார்த்தை நிற்காது என்று நினைத்தவன்தானே அதற்கு முட்டுக் கொடுக்க வருவான்? அன்றிலிருந்து நான் அவனோடு பேசவில்லை. இருபத்திரண்டு வருஷம் நான்கு மாதம்.

விசாரணையில் அந்த நால்வரும் விசில் கேட்டது என்று சத்தியம் செய்தார்கள். ஒருவருக்கு நீளமாகக் கேட்டதாம், ஒருவருக்குக் குட்டையாக. சவரி, ஊதவில்லை, சத்தம் ஒன்றும் கேட்கவில்லை என்றான். நான் சொன்னபடிதான் சொன்னான். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

விசாரித்த பெரிய ஐயா பேனாவை மூடி வைத்தார். "என்னய்யா இது? ஊதாத விசில் நாலு பேருக்குக் கேட்டிருக்கு. உடையாத சட்டம் ஒருத்தனுக்குக் கேட்டிருக்கு. இந்த வண்டியில ஒழுங்கான காது யாருக்காவது இருக்கா?" குமாஸ்தா சிரித்தார். அப்புறம் ஐயா என் பக்கம் திரும்பி நல்லபடியாகவே சொன்னார்: "கை வழுக்கிடுச்சுன்னு எழுதிக் குடுத்துரு. மழை, இரும்பு, யாருக்கும் வழுக்கும். எச்சரிக்கையோட விட்டுடறேன்."

"கை வழுக்கினா பிரேக் புடிக்காதுங்க. அதுக்கு நாலு சுத்து சுத்தணும்."

"எழுத்துல வழுக்கட்டும்யா!"

"எழுத்துலயும் வழுக்கலீங்க."

என்னை மேடையிலிருந்து இறக்கி, வேங்கைமடுவு ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற வேலைக்குப் போட்டார்கள். வேங்கைமடுவு எங்கே இருக்கிறது தெரியுமா? ஏழாம் பாலத்துக்கு நேர் கீழே. தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறினால் அந்த இறக்கம் முழுக்கக் கண்ணில் படும். தண்டனை என்று நினைத்துக் கொடுத்தார்கள். எனக்கு வசதியாகப் போயிற்று.

வாரம் ஒரு நாள் ஓய்வு. அந்த நாளில் லைன் மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டு, ஒரு துண்டு சுண்ணாம்புக் கட்டியோடு ஏறிப் போவேன். ஒன்பதாம் பாலத்திலிருந்து ஏழாம் பாலம் வரை, இரண்டு வரிசையும் சேர்த்து இருநூற்று ஐம்பத்தாறு சட்டம். சட்டத்துக்கு இருபத்தாறு பல். ஆறாயிரத்து அறுநூற்று ஐம்பத்தாறு. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். கிரீஸ் அப்பி விரல் கறுத்துப்போகும். அட்டை ஏறும். சந்தேகம் வந்தால் மறுபடி முதலிலிருந்து. பதின்மூன்று ஓய்வு நாள் அப்படிப் போயிற்று. மேஸ்திரி ஒரு நாள், "ஏப்பா திம்மராயா, அதுங்களுக்குப் பல்லும் வௌக்கி விட்டுட்டுப் போயேன்" என்றார்.

ஒரு பல்கூட உடைந்திருக்கவில்லை. நான் அதை மறைக்கவில்லை. யார் கேட்டாலும் சொன்னேன். ஆனால் கேட்டது கேட்டதுதான் என்றும் சொன்னேன். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்றால், அது அவர்கள் கண்டுபிடிக்க வேண்டியது. நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

தினமும் சவரியின் வண்டி என் தொட்டியடியில் எட்டு நிமிடம் நிற்கும். நான் குழாயைத் திருப்பி எஞ்சினில் விடுவேன். அவன் இறங்கி நிற்பான், நான்கடி தூரத்தில். அவன் மழையைப் பார்ப்பான். நான் தண்ணீரைப் பார்ப்பேன்.

இதற்கு நடுவில் அவன் ஒரு காரியம் செய்தான். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒன்பதாம் பாலத்துக்கு வந்ததும் வண்டியை நடை வேகத்துக்குக் கொண்டுவந்துவிடுவான். ஆள் கூடவே நடந்து வரலாம், அப்படி ஒரு நடை. நான்கு நிமிடத்தில் கடக்க வேண்டிய இடத்துக்கு ஒன்பது நிமிடம். ஏழாம் பாலம் தாண்டியதும் பழையபடி வேகம். ஏணியில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. அவன் வண்டி ஓட்டிய ஒவ்வொரு நாளும். வேறு டிரைவர் வந்தால் நான்கு நிமிடம். சவரி வந்தால் ஒன்பது. என்ன திமிர் பாருங்கள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தே செய்கிறான். நான் வண்டியை நிறுத்தியதைக் கேலி பண்ணுகிறான் என்றுதான் எனக்குப் பட்டது.

தொண்ணூற்றோராம் நாள், தேதி, நேரம், நிமிடம் எல்லாம் போட்டு மனு எழுதினேன். 'மேற்படி டிரைவர் மேற்படி இடத்தில் காரணமின்றி ஐந்து நிமிடம் வீணடிக்கிறார்.' ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. சவரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் என்ன சொன்னான் என்று குமாஸ்தா பிறகு எனக்குச் சொன்னார்.

"மனசு ஒப்பலீங்க."

"மனசு ஒப்பலைன்னா என்னய்யா காரணம்?"

"திம்மராயன் அப்படிச் சும்மா புடிக்கற ஆளில்லீங்க. சட்டத்துல ஒண்ணும் இல்லைன்னு பல்லு பல்லா எண்ணிட்டான். அப்ப எஞ்சின்லதான் இருக்கணும். நான் வேகமா ஓட்டணும்னா எஞ்சினைத் தூக்கி அடியில பாருங்க. இல்லாட்டி இப்படித்தான் ஓட்டுவேன். என்ன வேணாப் பண்ணிக்குங்க."

ஷெட்டில் எஞ்சினைத் தூக்கினார்கள். பல்சக்கரத்தைக் கழற்றி இறக்கினார்கள். இருபத்தொரு பல். அதில் ஒரு பல்லின் அடியில் முடி மாதிரி ஒரு விரிசல், வேர்வரை. ஃபிட்டர் விரலால் காட்டினாராம். இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தச் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் எட்டடி மூன்றங்குலம். சட்டம் பத்தடி மூன்றங்குலம். சக்கரம் சுற்றுக்கு ஒரு தடவை விக்கியிருக்கிறது. நான் அதைச் சட்டத்தின் மூட்டு என்று எண்ணிவிட்டேன். இரண்டடி வித்தியாசம். பதினேழு வருஷம் நின்ற காலுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மழை என்று சொல்ல மாட்டேன். பயம் என்றும் சொல்ல மாட்டேன். தப்பு.

அதற்குள் பெரிய ஐயா மாறிப் புதிய ஐயா வந்திருந்தார். என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். பாராட்டுக் கடிதம் தயாராக இருந்தது.

"காதாலயே விரிசலைக் கண்டுபிடிச்சிருக்க. கையெழுத்துப் போட்டுட்டு நாளைக்கே பிரேக்குக்குப் போ."

"நான் சட்டம்னுதானுங்க எழுதிக் குடுத்தேன். சக்கரம்னு எழுதலீங்க."

"ரெண்டும் இரும்புதானய்யா."

"நான் சொன்ன காரணம் தப்புன்னும் எழுதுங்க. சக்கரத்தை இறக்க வெச்சது சவரியப்பன்னும் எழுதுங்க. போடறேன்."

"தப்புன்னு எழுதினா உன் பழைய தண்டனை அப்படியே நிக்கும். யோசிச்சுப் பேசு."

"நிக்கட்டுங்க."

அவர் கடிதத்தைக் கோப்புக்குள் வைத்தார். ஓய்வு பெறுகிற வரைக்கும், மூன்று வருஷம் இரண்டு மாதம், தண்ணீர்தான் பிடித்தேன். வருத்தம் உண்டா என்று கேட்காதீர்கள். கிடையாது. வண்டி நிற்கிற எட்டு நிமிடத்தில் ஐந்து பெட்டியின் பிரேக் மேடையையும் நான் துடைத்துவிடுவேன் என்றால், அது மற்றவர்கள் சரியாகத் துடைக்காததால். வேறு ஒன்றும் இல்லை.

அந்தக் கடிதத்தைத்தான் யாரோ கோப்பிலிருந்து எடுத்து இப்போது பலகையாக எழுதி மாட்டியிருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போடாத கடிதம்!

மூன்றாவது மனுவுக்குப் பதில் வந்தது. சம்பந்தப்பட்ட டிரைவர் எழுத்து மூலம் உறுதி செய்தால் பெயர் மாற்றுவது பற்றிப் பரிசீலிக்கப்படும் என்று. சம்பந்தப்பட்ட டிரைவர் காரமந்திலேதான் மகள் வீட்டில் இருக்கிறான். இந்தக் காகிதத்தில் அவன் கையெழுத்து வேண்டும். படிக்கிறேன், கேளுங்கள். 'பிரேக்ஸ்மேன் திம்மராயன் விசில் இன்றி வண்டியை நிறுத்தினார். அவர் சொன்ன காரணம் தவறு. சக்கரத்தை இறக்கிப் பார்க்கச் செய்தவர் டிரைவர் சவரியப்பன்.' மூன்று வரி. மூன்றும் சரி.

என்ன சொல்கிறீர்கள்? அவன் என்னை நம்பித்தான் மெதுவாக ஓட்டினானா? பாப்பாத்தியும் அதைத்தான் சொன்னாள். சாகிற வருஷம்கூடச் சொன்னாள். "உங்க பேச்சை நம்பின ஒரே ஆளுங்க அவரு. அவரு மேலேயே மனு போட்டீங்களே" என்று. நான் அவளிடம் கேட்டதையே உங்களிடமும் கேட்கிறேன். நம்பினான் என்றால் சொல்லியிருக்கலாம் இல்லையா? நான்கடி தூரம். தினமும் எட்டு நிமிடம். தொண்ணூற்றொரு நாள். வாயைத் திறந்து, திம்மா, நம்பறேன்டா என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லையே.

நான் கேட்டேனா என்றால், நான் ஏன் கேட்க வேண்டும்?

அவன் பெயர் பலகையில் வர வேண்டும் என்பது வேறு. அது கணக்கு. பேசாமல் இருப்பது வேறு. இரண்டையும் நீங்கள் கலக்கக் கூடாது. காகிதத்தை நீட்டுவேன். பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன். அவன் வாசிப்பான், போடுவான். அதற்குப் பேச்சு எதற்கு? முதலில் பேச வேண்டியவன் அவன். இருபத்திரண்டு வருஷம் பொறுத்தவனுக்கு இன்னும் ஐந்து நிமிடம் பொறுக்கத் தெரியும்.

வேகம் குறைகிறது பார்த்தீர்களா? காரமந்து வந்துவிட்டது. உங்கள் பையை எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கம்பளி விட்டிருக்கிறீர்கள்.

அதோ. அந்தத் தூணோரம், மஃப்ளர் கட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. சவரி. முடியெல்லாம் போய்விட்டது. தினமும் வண்டி பார்க்க வருகிறான் என்று இந்த வண்டியின் கார்டு சொன்னது நிஜம்தான். இல்லை, கை காட்டாதீர்கள் சார், வேண்டாம். எந்தப் பெட்டியையும் பார்க்கவில்லை. எஞ்சினைத்தான் பார்க்கிறான். கடைசியில்தான் இறங்குவேன். கூட்டம் போகட்டும்.

பிரேக்ஸ்மேனிடம் என்னவோ கேட்கிறான். என்ன கேட்கிறான்? பத்து நிமிடம் லேட்டா என்றா? அந்த ஆளும் ஆமாம் என்று தலையாட்டுகிறாரே. என் கடிகாரத்தைப் பாருங்கள் சார், நீங்களே பாருங்கள்.

சவரி! பதினொண்ணு! பத்து இல்லடா, பதினொண்ணு! என்ன சிரிக்கறே? உன் கடிகாரத்தைப் பாரு முதல்ல!